கழற்றிய மென்சவ்வு யாருக்கு?

நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடிய தாளையடி கடல்நீர் நன்னீராக்கல் நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அன்றோடு நம் துறைக்கு ஒதுங்கி நிற்கும் சலுகை போய்விட்டது. யாழ்ப்பாணத்துக் குடிநீருக்கு இரணைமடுக் குளமா, கடலா என்ற வாதம் பொறியியலாளருக்கும் விவசாயிக்கும் அரசியல்வாதிக்கும் உரியதாக இருந்தது. எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) மென்சவ்வு முதன்முதல் நனைந்த கணத்திலிருந்து அது நுண்ணங்கியியலாளருக்கும் உரியது. உவர்க் கழிவு பற்றிக் கரையோர மீனவர் எழுப்பிய கேள்விகளுக்குத் தனி இதழே வேண்டும். இங்கே அவற்றைத் தொடவில்லை. அந்த மென்சவ்வில் எது குடியேறுகிறது என்பது நிலையத்தின் உள்வீட்டு விடயமல்ல என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

உள்வரும் நீரின் தகுதியை எஸ்.டி.ஐ. எனப்படும் வண்டலடர்த்தி எண்ணாலும் கலனெண்ணிக்கையாலும் மதிப்பிடுவது வழக்கம். இரண்டும் மிதப்பதையே அளக்கின்றன, ஒட்டுவதை அல்ல. எஸ்.டி.ஐ. திருப்தியாக இருக்கையிலேயே அமுக்க வேறுபாடு ஏறிப்போன நிலையங்கள் உலகில் பல உண்டு. டி.இ.பி. எனப்படும் பல்சக்கரைட்டுக் கூழ்த் துணிக்கைகள் நெகிழக்கூடியவை. முன்வடிகட்டியின் துளைகளில் நெளிந்து நுழைந்து, உயிர்ப்படலத்துக்கு ஆயத்தமான தளத்தை அமைத்துக் கொடுக்கின்றன. 99.9 சதவீதக் கலங்களை அகற்றிவிட்டோம் என்பதும் ஆறுதலல்ல. மீந்தவை பெருக வல்லவை, உணவும் ஓடிவந்துகொண்டே இருக்கிறது. குளோரீன் இருக்கிறதே என்பர். பொலியமைட்டு மென்சவ்வு அதைத் தாங்காது. ஆகவே வாசலிலேயே பைசல்பைற்று இட்டு அதை நீக்கியாக வேண்டும். அதற்குள் குளோரீன் ஹியூமிக் பொருள்களை உடைத்து, பற்றீரியா எளிதில் உண்ணும் காபனாக்கிவிட்டிருக்கும். தப்பிப் பிழைத்தவற்றுக்கு நாமே விருந்து வைக்கிறோம்.

இந்த இடத்தில்தான் பற்றீரியாக்கள் தமக்குள் பரிமாறும் இரசாயனச் சமிக்ஞை முக்கியமாகிறது. அச்சமிக்ஞையால் கலங்கள் தம் எண்ணிக்கையை அறியும் கோரம் உணர்தல் (quorum sensing) குடுவைக்குள் நிகழும் விந்தை, திறந்த கடலில் அதற்கு இடமில்லை என்ற ஆட்சேபம் பழையது; அதில் நியாயமும் உண்டு. கடல்நீரின் பி.எச். எட்டைத் தாண்டுவதால் ஏ.எச்.எல். என்ற சமிக்ஞை மூலக்கூறின் லக்ரோன் வளையம், குறிப்பாகக் குறுஞ்சங்கிலி வகைகளில், விரைவில் திறந்துவிடுகிறது. கலம் அறிவது அயலாரின் எண்ணிக்கையையா, தன் சுற்றுப்புறத்தில் பொருள் பரவும் வேகத்தையா என்று ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் 2002இல் எழுப்பிய ஐயமும் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் மென்சவ்வின் மேற்பரப்பு திறந்த கடலன்று. நீர் மறுபக்கம் போகப்போகக் கரைந்தவை அங்கே செறிகின்றன. உயிர்ப்படலத்தின் பசை சமிக்ஞையைப் பிடித்துவைக்கிறது. நீள்சங்கிலி மூலக்கூறுகள் கூடுதல் நேரம் நிலைக்கின்றன. ரெட்ஃபீல்ட் சொல்வதே சரியென்று வைத்துக்கொண்டாலும், பரவல் குறைந்த இத்தகைய இடத்தில்தான் கலம் தன் மரபணுக்களை இயக்கும். வான்கூவர் தீவை அண்டிய கடலில் மூழ்கும் துணிக்கைகளிலேயே ஏ.எச்.எல். கண்டறியப்பட்டுள்ளது. இன்னொன்று: நன்னீராக்குவோருக்குத் தலையிடி தரும் போரனையே விப்ரியோ ஹார்வேயி தன் ஏ.ஐ.-2 சமிக்ஞையில் கட்டிவைத்திருக்கிறது. கடலில் தட்டுப்பாடில்லாத பொருளை அது வீணாக்கவில்லை.

அப்படியானால் சமிக்ஞையைத் தணிக்கும் பூச்சை வாங்கிப் பூசலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பதே எமது பதில். டெலிசியா புல்க்ரா என்ற ஆஸ்திரேலியச் செம்பாசியின் புரோமினேற்றிய ஃபியூரனோன்களும், சியோலில் கழிவுநீர் உயிரி உலைகளில் பரிசோதிக்கப்பட்ட ரொடோகொக்கஸ் பி.எச்.4 இனமும் நம்பிக்கையூட்டுபவை. ஆனால் கழிவுநீர் உலையில் தேறியது உயரமுக்கக் கடல்நீர் மென்சவ்விலும் தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மேலும், உல்வா பாசியின் இயங்குவித்திகள் பற்றீரியாவின் ஏ.எச்.எல்.ஐ உணர்ந்தே குடியேறும் இடத்தைத் தேர்கின்றன என்பது 2002இலேயே தெரியும். தணிப்பான் உவர்க் கழிவோடு கரைக்குப் போனால், அங்கே எந்தக் குடியேற்றத்தைக் குழப்பும் என்பதைச் சொல்ல நம்மிடம் தரவு வேண்டும்.

அந்தத் தரவைப் பற்றித்தான் இவ்விதழ் சலிக்காமல் முறையிட்டு வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றோடு வங்காள விரிகுடாவின் உவர்ப்புக் குறைந்த நீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே இறக்குகிறது. மழைவெள்ளம் நிலத்தின் சேதனப் பொருளைக் கடலில் கொட்டுகிறது. கார்த்திகையில் மென்சவ்வைத் தொடும் சமூகமும் சித்திரையில் தொடும் சமூகமும் ஒன்றாயிரா. ஆண்டுக்கொரு மாதிரியில் இது எப்படிப் பிடிபடும்? இலங்கையின் குடிநீர்த் தரநியமமான எஸ்.எல்.எஸ். 614 குழாயில் வரும் நீரில் கோலிபோம் தேடுகிறது. அது அதன் வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கு முந்திய கட்டங்கள் எவருடைய வேலை? நீர்வழங்கலைக் கேட்டால் சுற்றாடலைக் காட்டுவர், சுற்றாடலைக் கேட்டால் கரையோரத்தை, கரையோரத்தைக் கேட்டால் கடற்றொழிலை. எந்தக் கோப்பிலும் உயிர்ப்படலத்துக்கு இடமில்லை. வடக்கில் ஆய்வுகூட வசதி போதாது என்பது அடுத்த பதில். மாதிரியே வராத இடத்தில் வசதி எப்படி வளரும்? சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த பிறகுதான் போத்தல்களோடு ஓடினோம். 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதிக்கும்வரை நிபுணர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டுக்கொண்டிருந்தனர். நிலத்தடி நீரில் அப்படி என்றால், கடலில் அடிப்படை அளவீடே இல்லாமல் நாளை எதை வைத்து வாதிடப் போகிறோம்? இதைக் கேட்டால் அபிவிருத்திக்கு எதிரிகள் என்கிறார்கள். குடிநீர் வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை.

இயக்குநர்களின் வணிக இரகசியத்தையும் நாம் கேட்கவில்லை. அமுக்க வேறுபாடும் சுத்திகரிப்பு நாட்களும் மாதந்தோறும் வெளியாகட்டும். உயிர்ப்படலம் முதலில் பிடிப்பது அமுக்கக் குழாயின் முன்வரிசை மென்சவ்வை. அதைக் கழற்றும்போது குப்பைமேட்டுக்கு அனுப்பாமல், ஈரம் காயாமல் நான்கு பாகை செல்சியஸில் பொதிந்து, யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றுக்குத் தரட்டும். முன்வடிகட்டியின் பழைய உருளைகளையும் சேர்த்துத் தந்தால் நல்லது.