அன்று லுங்கி, இன்று தொப்பி!

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு ‘மதராஸி’ என்ற சொல்லில் உள்ள விஷத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1966-இல் சிவசேனை தோன்றியபோது ‘மண்ணின் மைந்தர்’ என்ற முழக்கத்துடன் முதலில் குறி வைக்கப்பட்டது தென்னிந்தியர்களைத்தான். அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்கள் பட்டியல் போட்டுப் பத்திரிகையில் அச்சிடப்பட்டன. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. நமது லுங்கி கேலிப் பொருளாயிற்று. உத்தியோகம் பார்த்தவரும், மூட்டை தூக்கியவரும், தாராவியில் தோல் பதனிட்டவரும் ஒரே ஆளாக்கப்பட்டு, ‘உன் ஊருக்குப் போ’ என்று விரட்டப்பட்டனர்.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. அன்று லுங்கியைச் சுட்டிய விரல் இன்று தொப்பியையும் தாடியையும் பர்தாவையும் சுட்டுகிறது. ‘மதராஸுக்குப் போ’ என்றது போய், ‘பாகிஸ்தானுக்குப் போ, அரபு நாட்டுக்குப் போ’ என்கிறது. வேதனை என்னவென்றால், அன்று அடிபட்டவர்களின் பிள்ளைகளிலும் சிலர் இன்று அந்த விரலோடு தங்கள் விரலையும் சேர்த்து நீட்டுகிறார்கள்.

நாம் குமாஸ்தா வேலை பார்ப்பது ரயில்வேயில். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். ரிசர்வேஷன் பாரத்தில் பெயர், வயது எழுத இடம் உண்டு. மதத்துக்குக் கட்டம் கிடையாது. ஆனால் வண்டிக்குள்ளே நடப்பது என்ன? 2017 ஜூனில் டில்லியில் ஈத் பெருநாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு மதுரா வண்டியில் ஊர் திரும்பிய ஒரு சிறுவன், சீட்டுத் தகராறில் தொடங்கி மதத்தைச் சொல்லி ஏசிய கும்பலால் குத்திக் கொல்லப்பட்டான். 2023 ஜூலை 31-ஆம் தேதி விடியற்காலை, ஜெய்ப்பூர்–மும்பை எக்ஸ்பிரஸில் தமது மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றதாக ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் மீது வழக்கு. பயணிகள் மூவரும் முஸ்லிம்கள். 2024 ஆகஸ்டில் கல்யாணில் மகள் வீட்டுக்குப் புறப்பட்ட 72 வயது முதியவர் ஒருவர், டப்பாவில் மாட்டிறைச்சி வைத்திருக்கிறார் என்று சொல்லி ஓடும் வண்டியில் அடிக்கப்பட்டார். அடித்தவர்கள் போலீஸ் வேலைக்கான தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த இளைஞர்கள் என்று செய்தி வந்தது!

‘எங்கோ சில வெறியர்கள் செய்ததை ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. தோழர்களே, கை ஓங்கியவன் ஒருவன். கையைப் பழக்கியவர்கள் பலர். 2020 மார்ச்சில் டில்லி தப்லீக் மாநாட்டுக்குப் பிறகு, கொரோனாவைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்று டெலிவிஷனில் இரவு பகலாகக் கூச்சலிட்டார்கள். காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டுவிட்டு வாங்க மறுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. கூச்சலைக் கேட்டவர்கள் கோடிக் கணக்கில். தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

‘குண்டு வைத்தார்களே?’ என்பார்கள். வைத்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. 2006 ஜூலை 11-இல் மேற்கு ரயில்வே லோக்கல் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரையும் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க அடியோடு தவறிவிட்டது என்றது தீர்ப்பு. மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தது. பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் போன வாழ்க்கையை யார் திருப்பித் தருவது? குண்டு வைத்தவன் யார் என்று கேட்கும் பயணிகளின் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? துவேஷம் துப்பு துலக்காது. கண்ணில் பட்டவனைப் பிடித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அடுத்து, அரபு என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம். முஸ்லிம் என்றால் அரபுக்காரன் என்று நினைப்பதே முதல் அறியாமை. உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் இந்தோனேசியா அரபு நாடு அல்ல. அரபு மொழி பேசும் கிறிஸ்துவர்கள் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களும் இறைவனை ‘அல்லாஹ்’ என்றே அழைக்கிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் நம் தமிழ்ப் புலவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் தொழிலை வளர்த்த முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது நாம் பேசும் அதே தமிழ்.

அரபு மொழி வேண்டாம் என்பவர் நம் கவுண்டருக்கு வந்தால் டிக்கெட்டை ‘ரத்து’ செய்யச் சொல்ல முடியாது. ‘பாக்கி’ கேட்க முடியாது. ‘அசலும் நகலும்’ காட்ட முடியாது. ‘வக்கீல்’ வைக்க முடியாது, ‘ஜாமீன்’ வாங்க முடியாது, கோர்ட்டில் ‘ஆஜர்’ ஆக முடியாது. வரி ‘வசூல்’ நடக்காது. ‘மாமூல்’ வாங்குகிறவர்கூட அரபுச் சொல்லைச் சொல்லித்தான் வாங்குகிறார்! இவை அனைத்தும் அரபியிலிருந்து வந்து, பாரசீகம், உருது வழியாக நம் வாயில் குடியேறிய சொற்கள். அவற்றால் தமிழ் சாகவில்லை.

நம் குடும்பங்களில் துபாய், ரியாத், தோஹா என்று பிள்ளைகளை அனுப்பியவர்கள் உண்டு. அங்கிருந்து வரும் பணத்தில் வீடு கட்டிவிட்டு, இங்கே அரபியைப் பழிப்பது எந்த நியாயம்? அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறார்களே என்றால், அது உண்மை. அதை நாம் கண்டிக்கிறோம். அதற்குக் காரணம் ‘கஃபாலா’ என்ற ஸ்பான்சர் முறையும் மலிவான கூலிக்கு ஆசைப்படும் கம்பெனிகளும். தொழுகையோ தொப்பியோ அல்ல. அதே கூலி முறையில் பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த முஸ்லிம் தொழிலாளிகளும் நசுங்குகிறார்கள்.

துவேஷத்தின் விலை என்ன என்பதை இந்த நகரம் ஏற்கெனவே கண்டது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரத்தில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள்; 275 பேர் இந்துக்கள். தாராவியும் எரிந்தது. ஆள்பவர்களும் பங்களாவாசிகளும் அதில் வெந்தார்களா? குடிசையில் இருந்தவர்களும் கூலிக்குப் போனவர்களுமே செத்தார்கள். அதே ஆண்டு மார்ச் 12-இல் வெடித்த குண்டுகள் 257 பேரைக் கொன்றன. பழி தீர்க்கக் கிளம்பினால் கணக்கு ஒருநாளும் தீராது.

பல ஹௌசிங் சொசைட்டிகளில் முஸ்லிம் பெயரைக் கேட்டதும் ‘ரூம் போய்விட்டது’ என்கிறார்கள். அதே வாசலில் மீன் சமைப்பவனுக்கும் இடமில்லை. ஜாதி விசாரித்து ஆதிதிராவிடருக்கும் இல்லை. யாரை வெளியே நிறுத்தலாம் என்ற பட்டியல் ஒரு பெயரோடு முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. 1966-இல் அதில் இருந்தது நம் பெயர். மறுபடி எழுதப்படாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

ஆகவே நம் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு மதத்தாரை இழிவுபடுத்தும் வாட்ஸ்அப் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் ஆதாரம் கேளுங்கள். வண்டியில் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு பெயர் கேட்டால் வேடிக்கை பார்க்காதீர்கள். நான்கு பேர் எழுந்து நில்லுங்கள், 139-க்குப் போன் செய்யுங்கள். வாடகைக்கு விட ஒரு ரூம் இருந்தால் வாடகை கொடுப்பாரா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளுக்கு 1966-ஐயும் சொல்லுங்கள், 1992-ஐயும் சொல்லுங்கள்.

பிழைக்க வந்த இடத்தில் மானத்தோடு வாழும் உரிமையைத்தான் நாம் ஆரம்பத்திலிருந்து கேட்டு வருகிறோம். அதை நமக்குக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரருக்கு மறுத்தால், நாளை கேட்க நமக்கு வாய் இருக்காது.