கண்ணை உருட்டினா காயம் ஆறுமா சாமி?

"பந்து இடமும் வலமும் ஓடும், கண்ணால பார்த்துக்கிட்டே இருங்க, பத்து நிமிஷத்துல பழைய அதிர்ச்சி காலி"ன்னு வீடியோ போடுற மகானுபாவர்களே, உங்ககிட்டதான் பேசுறேன்.

நீங்க கடைபோட்டு விக்கிறது ஈ.எம்.டி.ஆர். என்ற வைத்தியத்தோட வாலை மட்டும்.

1987-ல் பிரான்சின் ஷபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பார்க்கில் நடந்துக்கிட்டிருந்தப்போ, கண் அப்படியும் இப்படியும் ஓடினதும் மனசை அரிச்ச நினைப்பு மங்கினதைக் கவனிச்சாராம். (நியூட்டன் ஆப்பிள் கதை மாதிரி ரொம்ப அழகா இருக்கு, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் :-) ) 22 பேரை வெச்சு அவர் செஞ்ச முதல் ஆய்வு 1989-ல் வந்துச்சு. ஒரே ஒரு அமர்வு! 'ஒரே நாள்ல குணம்' ஜல்லிக்கெல்லாம் விதை அங்கேதான்.

உடனே "எல்லாம் டுபாக்கூர்"னு குதிக்கிற பகுத்தறிவு அண்ணாச்சிகளும் கொஞ்சம் உக்காருங்க. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு இதைச் செய்யலாம்னு உலக சுகாதார நிறுவனமே 2013-ல் பரிந்துரைச்சிருக்கு. நடந்ததை விலாவாரியா வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது இதில் பெரிய வசதி. சொல்ல முடியாமத் தவிக்கிறவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

சரி, வேலை செய்யறது கண்ணா? அதுலதான் சண்டையே. 2001-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க, கண்ணசைவை எடுத்துட்டாலும் பலன் குறையலைன்னாங்க. 2013-ல் இன்னொரு தொகுப்பு, இல்லை, ஓரளவு கூடுதல் பலன் உண்டுன்னு சொல்லுச்சு. நினைவை மனசுல பிடிச்சுக்கிட்டே இன்னொரு வேலையும் செஞ்சா, கவனம் பங்காகி நினைவோட வீரியம் குறையுதுங்கிறது ஒரு விளக்கம். அப்படின்னா கண்ணுக்குன்னு தனி மந்திரம் எதுவும் கிடையாது.

முழு சிகிச்சையில் எட்டுக் கட்டம். முதல் மூணுல கண்ணே அசையாது. ஆளோட கதையைக் கேட்கணும், கலங்கினா தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கக் கத்துக்குடுக்கணும், எந்த நினைவைத் தொடப்போறோம்னு முடிவு பண்ணணும். நாலாவதுலதான் விரலே ஆடும். ஏழாவது ரொம்ப முக்கியம்: வேலை பாதியில நின்னாலும் ஆளை நிதானத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பணும்.

உங்க வீடியோவுல இந்த ஏழாவது எங்கேய்யா இருக்கு? சின்ன வயசுல சீரழிக்கப்பட்ட ஒரு பொண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா உக்காந்து உங்க பந்தைப் பார்க்குது. மூடி வெச்சதெல்லாம் பொத்துக்கிட்டு வருது. பத்து நிமிஷம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணுக்குத் துணையா என்ன வரும்? அடுத்த விளம்பரம்தானே?