புகைக்கு இரண்டு வாசல்

காஞ்சிபுரம் பட்டுப் புடவை முதலில் வெந்நீரில் குளித்தாக வேண்டும், தெரியுமோ? பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அப்புறம் கொதிக்கக் காய்ந்த சாயத் தண்ணீரில் முக்கிப் புரட்டுவார்கள்.

ஓரிக்கையில் ஒருவர் வீட்டுப் பின்கட்டில், விறகு அடுப்பில் இதைச் செய்கிறார் என்று வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாச்சு. கதவு, ஜன்னல் சாத்தியாச்சு. புதுக் காற்று உள்ளே வராமல் ஃபேன் எதை ஸார் வெளியே தள்ளும்? புகைக்கூண்டு வழியாகப் போன புகையையே திருப்பி இழுத்து வரும்!

புகையாவது கண்ணைக் கரிக்கும். கூடவே வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். தலைவலி, மயக்கம், அப்புறம் ஆளே இல்லை.

வைத்தியம் சுலபம். அடுப்புக்கு நேர் மேலே கூண்டு. எதிர்ச்சுவரில் தாழ்வாக, சாத்தாத ஜன்னல். சூடான காற்று தானே மேலே ஏறும். ஆவி உங்கள் மூக்கைத் தாண்டிப் போகக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் காலத்து முற்றம் இதைக் கரண்ட் பில் இல்லாமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ரூமைப் பூட்டிக்கொண்டு ரேடியோவுக்கு ஈயப் பற்று வைக்கும் ஆபீஸ் நண்பரே, ஜன்னலைத் திறங்க. கொசு கடித்தால் கடிக்கட்டும்!