கதவைத் திறந்த கை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பிய நகரொன்றில் எமது விமானம் தரையிறங்கித் தரிப்பிடத்தில் வந்து நின்றது. வழக்கம்போல் எல்லோரும் எழுந்து, பைகளை இறக்கிக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி காத்திருந்தோம். அவ்வேளை பின்பக்கத்தில் லொறிச் சக்கரம் வெடித்தாற்போல் ஒரு சத்தம். தொடர்ந்து நீண்டதொரு சீறல். உணவு வண்டிக்காகத் திறக்கப்பட்ட கதவிலிருந்து அவசரச் சறுக்கி விரிந்து தரைவரை தொங்கியது. கதவருகே நின்ற பணிப்பெண் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "இவர்களுக்கெல்லாம் எதற்குச் சம்பளம்?" என்று ஒரு கனவான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பதே என் கருத்து.

புறப்படுமுன், கதவுகளை ஆயத்த நிலைக்கு மாற்றி ஒருவர் மற்றவருடைய கதவைச் சரிபார்க்கும்படி பணியாளருக்கு விடுக்கப்படும் அறிவித்தலை விமானத்தில் சென்ற அனைவரும் கேட்டிருப்பார்கள். கதவின் கீழ்ப்பகுதியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் சறுக்கி, ஆயத்த நிலையில், ஓர் உலோகச் சட்டத்தின் மூலம் விமானத்தின் தரையோடு பிணைக்கப்படுகிறது. அந்நிலையில் கதவு திறந்தால் பொதி இழுபட்டு வெளியே விழும். சிலிண்டரில் அடைபட்டிருந்த வாயு பாய்ந்து, வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சில விநாடிகளில் அதனை ஊதி நிமிர்த்திவிடும். எயார்பஸ் விமானங்களில் அக்கதவைத் தள்ளித் திறப்பதற்கு அழுத்தக் காற்றும் துணைபுரிகிறது. கைப்பிடியை முழுமையாக உயர்த்திய பின்னர் "ஐயோ" என்று பிடித்து நிறுத்துவது ஆகாத காரியம்.

இத்தனை வேகம் ஏன்? பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் பெரிய பயணிகள் விமானமொன்று அனுமதி பெறும். 2006 மார்ச்சில் ஹம்பேர்க்கில் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறிக் காட்டினார்கள். 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோ ஹனேடாவில் தீப்பற்றிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானத்தில் எட்டுக் கதவுகளில் மூன்றே பயன்பட்டன. ஆயினும் அதிலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். பதற்றத்தில் இருப்பவரும் யோசியாமல் ஒரே அசைவில் திறக்க வேண்டும் என்பதற்காகவே அக்கதவு அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அதே கைப்பிடியைத்தான், ஆபத்தில்லாத நாட்களிலும், இரவு முழுவதும் விழித்திருந்த ஒருவர் உயர்த்துகிறார். வெளியே உணவு வண்டிக்காரர் காத்து நிற்கிறார். அல்லது புறப்படும் வேளையில், ஆயத்தப்படுத்திய கதவை ஏதோ ஒரு பத்திரத்துக்காக மீண்டும் திறக்கச் சொல்கிறார்கள். பழகிய கை மனத்தை முந்திக்கொள்கிறது.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட அனுபவமும் இதுதான். ஒப்புநோக்காளர் இருவர் அமர்ந்து, ஒருவர் மூலப் பிரதியை உரத்து வாசிக்க மற்றவர் அச்சுப்படியைப் பார்த்த காலத்தில் பிழைகள் அகப்பட்டன. ஒருவரே மௌனமாக வாசிக்கத் தொடங்கியதும், தலைப்பில் இருந்த பிழைகூடக் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. எழுதியிருப்பதைக் கண் பார்ப்பதில்லை; இருக்க வேண்டியதையே பார்க்கிறது. ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சமிக்ஞை விளக்கை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தை ஒரு நூற்றாண்டாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். விமானக் கதவருகிலும் அந்த வேடிக்கை வேண்டும்: கைப்பிடியைத் தொடுமுன் நிற்பது, சுட்டுவது, சொல்வது, மற்றொருவர் கேட்பது.

இயந்திரமும் உதவ வேண்டும். எயார்பஸ் ஏ320 கதவில், ஆயத்த நிலையில் கைப்பிடி சற்று உயர்ந்ததுமே ஒரு வெள்ளை விளக்கு எரிந்து எச்சரிக்கும். அப்போதே கையை இறக்கிவிட்டால் தப்பலாம். வெளியிலிருந்து திறந்தால் ஆயத்த நிலை தானாகவே நீங்கிவிடும். உலகெங்கும் ஆயிரக்கணக்கில் பறக்கும் போயிங் 737 விமானங்களிலோ பணியாளர் குனிந்து அந்தச் சட்டத்தைக் கையாலேயே மாட்டிக் கழற்ற வேண்டும். நினைவூட்டுவதற்குக் கதவின் சாளரத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டி, அவ்வளவுதான். இத்தனை நுட்பம் வளர்ந்த காலத்தில் ஒரு பட்டியை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2010இல் நியூயோர்க்கில் கோபத்தில் வேண்டுமென்றே சறுக்கியை விரித்து இறங்கிப்போன ஜெட்புளூ பணியாளரிடம் நட்டஈடாகக் கோரப்பட்டது 10,000 டொலர். தாமதம், இரத்தான பயணம் என்று கணக்குப் பார்த்தால் எச்சரிக்கைக் கருவி மலிவானது. ஆறு விநாடிகளுக்குள் நிமிரும் அந்தப் பாரத்தின் வழியில் நிற்கும் தரைப் பணியாளரின் உயிரோ கணக்கில் அடங்காது.

தவறு செய்தவரைத் தண்டித்தால் போதும் என்று எண்ணுவோர் ஒன்றை மறக்கிறார்கள். 1980 ஓகஸ்ட் 19ஆம் திகதி ரியாத்தில், தீப்பற்றிய சவூதியா விமானம் பத்திரமாகவே தரையிறங்கியது. உள்ளிருந்து ஒரு கதவும் திறக்கப்படவில்லை. 301 பேரும் மாண்டனர். அங்கு நிகழ்ந்ததற்குக் காரணங்கள் வேறு. ஆனால், சறுக்கி விரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தோடு கதவருகே நிற்கும் ஒருவர், உண்மையான தீயின்போது ஒரு கணம் தயங்கமாட்டார் என்று யார் உறுதி கூறுவது?

அன்று இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் பையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு முன்கதவை நோக்கி நடந்துவிட்டேன்.