பூஜ்யம் காட்டும் கருவியை நம்பலாமா?

மளிகைக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். பருப்பில் ஐம்பது கிராம் குறைந்தால் போவது சில ரூபாய்தான். ஆனால் குழிக்குள் இறங்கும் மனிதன் உயிரோடு மேலே வருவானா என்று சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

அந்தக் கருவிதான் கேஸ் டிடெக்டர். சட்டையில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க், எண்ணெய்த் தொட்டி போன்ற காற்றோட்டம் இல்லாத இடங்களுக்கானது. பெரும்பாலும் நான்கை அளக்கும்: ஆக்சிஜன், மீத்தேன் போன்ற எரியும் வாயுக்கள், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. மனிதக் கழிவை மனிதனே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டு சட்டத்தின் விதிகளில், தொழிலாளிக்குத் தர வேண்டிய பாதுகாப்புப் பொருட்களின் பட்டியலிலும் இது இருக்கிறது.

பட்டியலில் இருக்கிறது, சரி. வாங்கியும் வைத்திருக்கலாம். அதோடு பாதுகாப்பு வந்துவிட்டதா? இல்லவே இல்லை! சோதிக்காத கருவி, கருவியே இல்லாததை விட ஆபத்தானது. கருவி இல்லாதவன் பயந்து பயந்து இறங்குவான். கருவி வைத்திருப்பவன் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத் தைரியமாக இறங்குவான்.

சரி, மூக்கை நம்பலாமா? ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும் என்று வேதியியல் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது. ஆக, கருவியை விட்டால் வேறு வழியில்லை.

அந்தக் கருவி எப்படிக் கெட்டுப்போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எரியும் வாயுவை அளக்கப் பல கருவிகளில் சூடான ஒரு சிறு மணி இருக்கும். வாயு அதன் மேல் பட்டு எரியும்போது ஏற்படும் சூட்டை வைத்து அளவு கணக்கிடப்படுகிறது. சிலிக்கோன் கலந்த ஸ்பிரேயோ, ஒட்டும் பசையின் ஆவியோ பட்டால் இந்த மணி செத்துப்போகும். செத்த மணி என்ன காட்டும்? பூஜ்யம்! சுத்தமான காற்றிலும் அதே பூஜ்யம்தான். ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் உலர்ந்துபோனாலும் இதே கதை. பட்டனை அழுத்தியதும் கருவி தானாகச் செய்துகொள்ளும் சோதனை, பேட்டரியையும் மின்சுற்றையும்தான் பார்க்கிறது. வாயு வந்தால் சென்சார் உணருமா என்பதை வாயுவைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன், அளவு தெரிந்த வாயு நிரப்பிய சிறு சிலிண்டரைப் பொருத்திச் சோதிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் அறிவுரையும் இதுதான். அலாரம் அடிக்க வேண்டும், காட்டும் எண் சிலிண்டரில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காலிபரேஷன் செய்து எண்ணைத் திருத்த வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் கருவியை ஓரங்கட்ட வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டருக்கும் காலாவதி தேதி உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதில் இருப்பதும் விஷ வாயுதான் என்பதால், சோதனையைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்கோ ஜெனரேட்டருக்கோ பக்கத்தில் நின்று பூஜ்யம் வைத்தால், அந்தப் புகையையே சுத்தமான காற்று என்று கருவி எடுத்துக்கொள்ளும். பிறகு அது காட்டுவதெல்லாம் குறைவாகவே இருக்கும்.

குறுக்கு வழிகளுக்கும் பஞ்சமில்லை. சென்சார் மேல் வாயால் ஊதிப் பார்ப்பது ஒன்று. மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஆக்சிஜன் அலாரம் அடிக்கலாம். மற்ற மூன்று சென்சார்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிகரெட் லைட்டர் வாயுவைக் காட்டுவது இன்னொன்று. அளவு தெரியாத அந்த வாயு சென்சாரையே கெடுத்துவிடும்.

கருவி சரியாக இருந்தாலும் அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து வாசலில் மட்டும் பார்த்தால் போதாது. மீத்தேன் காற்றை விட லேசு, ஹைட்ரஜன் சல்பைடு கனம். ஆகவே ஆள் இறங்கும் முன்பே குழாய் வழியாகவோ கயிற்றில் கட்டியோ மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் எண் நிலைக்கும் வரை நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் அது 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. சூடான மணிக்கும் எரிய ஆக்சிஜன் வேண்டும் என்பதால், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எரியும் வாயுவின் எண்ணையும் நம்ப முடியாது. சேற்றைக் கிளறினால் அடங்கிக் கிடந்த வாயு திடீரென்று கிளம்பும். எனவே வேலை முடியும் வரை கருவி உடலில் இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் வெளியேற வேண்டும். “இது சும்மா அடிக்குது” என்று அணைக்கக் கூடாது.

தினமும் இதற்கெல்லாம் நேரம் ஏது, சிலிண்டருக்குப் பணம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சோதனைக்கு ஆவது சில நிமிடங்கள். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பணக் கணக்கு போடுகிறவர்களுக்கு இந்த ஓர் எண்ணே போதும். அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவி இருக்கிறது என்பது ஆளை இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. இயந்திரத்தால் முடிகிற வேலைக்கு இயந்திரம்தான் இறங்க வேண்டும்.

பொறியியல் படிக்கும் நண்பர்களே, நாளை நீங்கள் ஏதோ ஒரு சைட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பீர்கள். “கேஸ் டிடெக்டர் இருக்கிறது” என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் முன், “இன்று காலை அதற்கு வாயு காட்டினீர்களா? காட்டியது யார்? எந்தச் சிலிண்டர்?” என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அன்று யாரையும் இறங்க விடாதீர்கள்.