ஏட்டுக்குப் பலகை, கணினிக்குப் பை

சென்ற மாதம் ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தேன். என் அண்ணன் மகள் அங்கிருந்து தினமும் ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்க் கல்லூரியில் படிக்கிறாள். அண்ணியின் வளையல்களை அடகு வைத்து அவளுக்கு லாப்டாப் வாங்கியிருந்தார்கள். அவள் அதற்கென்று புதுப் பை ஒன்று வாங்கி, ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"அத்தை, நல்லா இருக்குல்லா?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கணினி, கிலுகிலுப்பைக்குள் கல்லைப் போல ஆடிற்று!

"15.6 இஞ்ச்சுன்னுதான போட்டிருந்துச்சு!" என்றாள்.

அந்த அளவு திரையின் மூலைக்கு மூலை எடுத்தது. திரையைச் சுற்றியுள்ள சட்டம் சிலவற்றில் அகலம், சிலவற்றில் ஒடுக்கம். ஆகையால் நீங்கள் பை வாங்கப் புறப்படுமுன் கணினியை மூடி வைத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கணினியையே கடைக்கு எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டுமே!

உண்மையில், ஆழ்வார்திருநகரிக்காரிக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இல் அச்சிடுமுன் ஏடு தேடிப் போன ஊர் அது. கவிராயர் வீட்டில் ஏடு கிடைத்தது. ஏட்டுச் சுவடியை நம்மவர்கள் எப்படிக் காத்தார்கள்? ஓலையின் அளவுக்கே நறுக்கிய பலகை மேலே ஒன்று, கீழே ஒன்று. துளை வழியே கயிறு கோத்து இறுகக் கட்டி, மேலே துணி சுற்றினார்கள். ஆடக்கூடாது, அடிபடக்கூடாது, அவ்வளவுதான். பைக்கும் அதுவே விதி.

எனவே கையை உள்ளே விட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். பல பைகளில் பக்கங்களில் மெத்தென்று இருக்கும், அடியில் வெறும் துணிதான். ரயிலில் 'டொக்'கென்று கீழே வைத்தால் முதலில் அடிபடுவது கணினியின் மூலை. கணினிக்கான உள்ளுறை அடியைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் நின்றால் உத்தமம். சாப்பாட்டு டப்பாவுக்குத் தயவுசெய்து வேறு பை!

மழை விஷயம் முக்கியம். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், வெள்ளத்தால் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பிரயாணிகள் தவித்தார்களே, நினைவிருக்கிறதா? 'நீர் தாங்கும்' என்று எழுதியிருக்கும் பை தூற்றலைத் தாங்கும். பெருமழையில் ஸிப் வழியே நீர் இறங்கிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்று எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

அழகுதான் வேண்டுமென்றால், மணப்பாட்டில் முடையும் பனையோலைப் பைக்கு ஈடு உண்டா? உள்ளே மெத்தை உறை போட்டால் கணினியும் போகும். ஆனால் நெரிசலான ரயிலுக்கு அது ஆகாது. நின்றபடி பிரயாணம் செய்கிறவர்களுக்கு இரு தோளிலும் மாட்டும் அகல வார்ப் பைதான் சௌகரியம்.

வாங்கிய பையைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி பழைய கம்பளியை வெட்டி, அளவுச் சீட்டோடு தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, அடியில் இரண்டு மடிப்பு வைத்து உறை தைத்து வாங்கினாள். கணினி இப்போது அசைவதில்லை. ஒற்றை வாரைத்தான் என் மருமகள் விடுகிறதாயில்லை. நேற்று போனில் பேசும்போது தோள் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று கேட்டாள்.