சிறுவரும் லாகிரி வஸ்துக்களும்

பள்ளிக்கூடத்துப் பையனொருவன் பாடம் நடக்கும் வேளையில் கண் சிவந்து தலை சாய்கிறான். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசையில் நனைத்த கந்தைத் துணியொன்று அவன் சட்டைப்பையில் இருக்கிறது. உபாத்தியாயர் அதைக் கண்டுவிடுகிறார். அவர் செய்யத்தக்கது யாது? பையனைப் பள்ளியிலிருந்து நீக்கும்படி செய்யலாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பலாம். பள்ளியின் பெயர் கெடுமென்று அஞ்சி வாளாவிருக்கலாம். இம்மூன்றில் ஒன்றைச் செய்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று எண்ணுவதே வழக்கமாகியிருக்கிறது. மூன்றும் தவறு என்பது நமது அபிப்பிராயம்.

இது எங்கோ ஒரு மூலையில் நிகழும் விஷயமன்று. சிறுவரிடையே லாகிரிப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறதென்று தேசமுழுவதும் கணக்கெடுக்கும்படி 2016-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. பசை, தின்னர் முதலியவற்றின் ஆவியை முகர்ந்து மயங்கும் பழக்கம் பெரியவர்களில் 100-க்கு 0.58 பேரிடமும், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு 1.17 பேரிடமும் காணப்பட்டது. ஏனைய லாகிரிகளிலெல்லாம் பெரியவர்கள் முந்தி நிற்க, இதில் மட்டும் பிள்ளைகள் முந்தி நிற்கிறார்கள். இதன் பொருட்டு உதவி தேவைப்படும் சிறுவர் சுமார் 4.6 லட்சம் பேர் என்று அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. சொற்பக் காசுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் பண்டம் ஏழைப் பிள்ளையின் கைக்கு முதலில் எட்டுவதில் வியப்பில்லை.

இத்தகைய பிள்ளையைச் சட்டம் எப்படிக் கருதுகிறது? குற்றம் புரிந்த சிறுவனைக் கைதியாக வைத்துப் பாராமல் குழந்தையாகவே பாவிக்க வேண்டும் என்னும் கொள்கை நமக்குப் புதிதன்று. 1920-ம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அமுலிலுள்ள 2015-ம் வருஷத்திய இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. லாகிரிப் பழக்கத்திலோ லாகிரி வியாபாரத்திலோ இழுக்கப்படக்கூடிய நிலையிலுள்ள குழந்தையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று அதன் 2-வது பிரிவு வகைப்படுத்துகிறது. அத்தகைய குழந்தையைப் போலீஸார் மட்டுமல்ல, சர்க்கார் ஊழியர், வைத்தியர், சமூக ஊழியர், பொதுநலங் கருதும் எந்தப் பிரஜையும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் செல்லலாம் என்று 31-வது பிரிவு கூறுகிறது. குழந்தை தானே போய் நிற்கவும் இடமுண்டு. ஒரு தலைவரும் நான்கு அங்கத்தினர்களும் கொண்ட இக்குழு தண்டிக்கும் கோர்ட்டன்று. குடும்ப நிலையை விசாரித்து, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, இயன்றவரையில் பெற்றோரிடமே பிள்ளையை ஒப்புவிப்பது அதன் வேலை. விடுதியில் சேர்ப்பது கடைசிப் பரிகாரமாகவே இருக்க வேண்டுமென்பதும் இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

சட்டத்தின் கடுமை வேறொருவன் மீது பாய வேண்டியதாகும். குழந்தைக்கு மதுவோ, போதை மருந்தோ, புகையிலைப் பண்டமோ கொடுப்பவனுக்கு 77-வது பிரிவின்படி ஏழு வருஷம் வரை கடுங்காவலும், லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் பஞ்சர்ப் பசை மதுவுமன்று, சட்டம் குறிப்பிடும் போதை மருந்துமன்று. அதை விற்றவனை இப்பிரிவு எளிதில் எட்டாது. இந்தக் குறையைச் சட்டசபைகள் தீர்க்கட்டும். அதுவரையில், பசையை முகரும் பிள்ளைக்குப் போலீஸாரைக்காட்டிலும் நலக் குழுவே நம்பத்தக்க புகலிடமாகும்.

அப்படியானால், சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் தகவல் கொடுத்தே தீரவேண்டுமென்று சட்டஞ்செய்து, தவறியவரைத் தண்டித்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் விஷயத்தில் 2012-ம் வருஷத்திய சட்டம் அவ்விதமே கட்டளையிடுகிறது, அது நியாயமே. அங்கே மறைக்கப்படுவது குழந்தைக்கு மற்றொருவன் இழைத்த கொடுமை. இங்கேயோ, வெளிப்படுவது பிள்ளையின் சொந்த பலவீனம். வைத்தியரும் வாத்தியாரும் சட்டத்தின் அச்சத்தால் தகவல் கொடுப்பவராகிவிட்டால், எந்தப் பையன் அவர்களிடம் மனம் திறப்பான்? எந்தத் தாய் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவாள்? ஆகவே நிர்ப்பந்தத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் சட்டம் நிர்ப்பந்திக்காததனாலேயே கடமை இல்லாமற் போய்விடாது.

அக்கடமைக்கு எல்லைகளும் உண்டு. சந்தேகம் வேறு, சாக்ஷியம் வேறு. கண்டது என்ன, எந்த நாளில், எந்த நிலையில் என்பதைத்தான் சொல்ல வேண்டுமேயன்றி, ஊரார் வம்பைச் சொல்லலாகாது. பெற்றோர் நல்லவராயிருந்தால் முதலில் அவர்களிடம் சொல்வதே முறை. அவர்கள் அலட்சியமாயிருந்தாலும், அவர்களே அப்பழக்கத்திற்கு அடிமைகளாயிருந்தாலும், பிள்ளைக்கு உடனடியான ஆபத்து தென்பட்டாலும் தாமதியாமல் நலக் குழுவுக்கோ, 1098 என்ற டெலிபோன் எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். அதற்குப் பின் நாவை அடக்குவது அவசியம். குழந்தையின் பெயரையும் படத்தையும் பிரசுரிப்பதை 74-வது பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல.

சர்க்காரின் பொறுப்பு இதனினும் பெரிது. ஜில்லாதோறும் குழுவை நியமித்துவிட்டால் போதாது. மாதத்தில் இருபது நாட்களாவது கூட வேண்டுமென்று சட்டம் விதித்திருப்பதை நிறைவேற்ற வேண்டும். காலியான ஸ்தானங்களை உடனே நிரப்ப வேண்டும். சிறுவருக்கென்று தனிச் சிகிச்சை இடங்கள் வேண்டும். பெரிய குடிகாரரோடு பன்னிரண்டு வயதுப் பையனைப் படுக்க வைப்பது வைத்தியமாகாது. சிகிச்சைக்கு இடமில்லாத ஊரில் தகவல் கொடுக்கச் சொல்வது, கிணறு இல்லாத ஊரில் குடம் வழங்குவதற்கொப்பாகும்.

லாகிரிகளை விலக்கச் சர்க்கார் முயல வேண்டுமென்று அரசியல் சாஸனத்தின் 47-வது ஷரத்து பணிக்கிறது. 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்ததற்கு முன்னால், கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்து அடிபட்ட தொண்டர்கள் இருந்தார்கள். இன்றைய தொண்டருக்குத் தடியடி இல்லை. தம் தெருவிலுள்ள பிள்ளைகளைக் கண் திறந்து பார்த்து, உரிய இடத்தில் உரிய முறையில் ஒரு வார்த்தை சொல்லும் நெஞ்சுரமே வேண்டும். தம் ஜில்லாவின் நலக் குழு எங்கே கூடுகிறதென்று நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை நாளைக்கே விசாரித்து அறிந்துகொள்வது முதல் வேலையாகுக.